சங்கிலி ஜெபத்தில் என் ஒரு மணி நேரம்

ஸ்டெல்லா கையை விட்டுவிட்டுப் போய்விட்டாள், அவள் கையிலிருந்த டெட்டால் வாசனை மட்டும் என் உள்ளங்கையில் இருக்கிறது. ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகிற அவசரத்திலும் நன்றாகத்தான் ஜெபித்தாள், மாசிலாமணி மாமாவின் முழங்கால் வலியை நீக்கும் ஆண்டவரே, இந்த ஒரு மணி நேரம் அவரைத் தாங்கும் என்று. என்னைத் தாங்க வேண்டியதில்லை. நான் கலெக்டர் ஆபீஸ் வாசலில் சித்திரை வெயிலில் பதினோரு மணி நேரம் உட்கார்ந்தவன், தண்ணீர்கூடக் குடிக்காமல். ஆனால் சாலோம்புரம் கோயிலில் இதுதான் வழக்கம், முடிக்கிறவர் வருகிறவரின் கையைப் பிடித்து, பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் வெளியே போகலாம், அடுத்தவர் வரும்வரை எழக்கூடாது, எழுந்தால் சங்கிலி அறுந்துபோகும். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பன்னிரண்டு பேர். நாளை அட்வெந்து, கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கிற நான்கு வாரத்தின் முதல் ஞாயிறு. அதற்கு முந்தின சனிக்கிழமை சபை புதிதாக விழித்தெழுகிற எழுப்புதலுக்காகச் சங்கிலி ஜெபம், இது என் அப்பா காலத்திலிருந்தே இருக்கிறது, எழுப்புதல்தான் இன்னும் வந்தபாடில்லை. கிறிஸ்துமஸுக்காகச் சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள், சுண்ணாம்பு நெடி மூக்கைச் சுருக்கவைக்கிறது. பீடத்தில் ஊதாத் துணி போட்டாயிற்று. வாரத்துக்கு ஒன்றாக நான்கு மெழுகுவத்தி, ஒன்றும் ஏற்றவில்லை, திரிகூட வெள்ளையாக இருக்கிறது. எங்கள் போதகர் கிதியோன் ஐயர் ஜெபக்குறிப்பு என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார், ஆறு குறிப்பு, முதல் குறிப்பு, நம் சபையில் எழுப்புதல் அக்கினி பற்றி எரியவும் என்று இருக்கிறது. எரியவும் என்றால் என்ன, எரிந்து என்ன ஆகவும், வாக்கியம் முடியவே இல்லை. நோட்டீஸ் எழுதத் தெரியாதவர்கள். முதல் வரியில் யார், எதை, எப்போதுக்குள் என்று வரவேண்டும், இல்லாவிட்டால் வாங்கியவன் அதில் வேர்க்கடலை மடித்துவிடுவான். தாளைத் திருப்பினேன், பின்பக்கத்தில் ஆட்களின் வரிசை, மணியடிக்கிற கோயில்பிள்ளை சேத்து நான்கு இடத்தில் பேனாவால் அடித்துத் திருத்தியிருக்கிறான். பதினொன்று முதல் பன்னிரண்டு, என் பெயர். பன்னிரண்டு முதல் ஒன்று, எப்பிராயீம்.

அந்த எழுத்தை இரண்டாவது தடவை பார்த்தேன், மூன்றாவது தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து சீட்டுக் குலுக்கியபோது அவனுக்கு இரண்டு முதல் மூன்று, எனக்கு மூன்று முதல் நான்கு. அப்படியென்றால் அவன் என் கையைப் பிடித்து என் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும். முப்பத்தோரு வருஷமாகப் பேச்சு இல்லாத ஆள், கருங்காலி எப்பிராயீம், எனக்காகக் கடவுளிடம் சிபாரிசு செய்வான். எனக்கு அது செரிக்கவில்லை. திங்கட்கிழமை காலையிலேயே ரூபி டீச்சர் வீட்டுக்குப் போய், மத்தியானம் எனக்கு மாத்திரை போட்டால் தூக்கம் வரும், உங்கள் பதினொரு மணியை எனக்குக் கொடுங்கள் என்று மாற்றிக்கொண்டேன். டீச்சர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, அண்ணாச்சிக்கு எப்பலேருந்து மாத்திரை என்று கேட்டாள்.  இப்போது புரிகிறது, அவனும் அதே வாரத்தில் யாரிடமோ போய் மாற்றியிருக்கிறான். பன்னிரண்டு மணிக்கு இருந்தது ஐஸ்கம்பெனி ஜெபராஜ், அவனிடம் என்ன பொய் சொன்னானோ. எனக்காக ஜெபிக்கக்கூடாது என்று அவன் ஓட, அவன் ஜெபத்தை வாங்கக்கூடாது என்று நான் ஓட, ஒருத்தர் ஓடினதை மற்றவர் விசாரிக்காமல், இரண்டு பேரும் வேறு வழியாக வந்து ஒரே பெஞ்சில் முட்டிக்கொண்டோம். இப்போது அவன் கையைப் பிடித்து அவன் பெயரைச் சொல்ல வேண்டியவன் நான். எழுந்து போகவும் முடியாது. நான் போனால் சங்கிலி அறுந்தது என்னால் என்று ஆகும். அறுபத்தொரு நாள் வேலைநிறுத்தத்தில் ஒரு நாள்கூட மறியல் இடத்தைக் காலியாக விடாதவன் ஒரு மணி நேரம் உட்காரமாட்டாமல் ஓடினான் என்று ஆகும். மணி பதினொன்று பத்து.

அறுபத்தொரு நாள். இன்றைக்கு இருக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரிக் கேட்கிறார்கள். அன்றைக்கு உப்பளத்தில் காலுக்குச் செருப்பு கிடையாது, உப்புத் தண்ணீரில் நின்று நின்று உள்ளங்கால் சல்லடை மாதிரி இருக்கும், செத்தவனை எரித்தாலும் அந்தப் பாதம் மட்டும் எரியாது என்று எங்களைப் பார்த்து ஊரில் பேசுவார்கள். குடிக்கத் தண்ணீர் கிடையாது. வெள்ளை வெயில் கண்ணைக் குருடாக்கும், ஒதுங்க நிழல் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது நோட்டீஸ். பஸ் ஸ்டாண்டில் கொடுப்பதையெல்லாம் வாங்கி வாசிப்பேன், சங்க நோட்டீஸ், சுவிசேஷக் கைப்பிரதி, சித்த வைத்தியர் விளம்பரம். மூன்றும் ஒரே அச்சாபீஸில் ஒரே மஞ்சள் தாளில் அடித்தது, எழுத்துக்கூட ஒன்றுதான். மனந்திரும்புங்கள் என்று ஒரு தாள், ஒன்றுசேருங்கள் என்று ஒரு தாள். இரண்டுக்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரிந்ததில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. பிறகு நானே எழுதினேன். என் நோட்டீஸைப் படித்துவிட்டு ஒரு தாசில்தார் இதை எழுதிக்கொடுத்த வக்கீல் யார் என்று கேட்டார், நான்தான் என்றேன், நம்பவில்லை. நம்பாமலே இருக்கட்டும். இன்றைக்கு எங்கள் பகுதியில் எந்த அளத்துக்குப் போனாலும் நீலநிறத் தண்ணீர் டிரம் இருக்கிறது, ஓலைக் கொட்டகை இருக்கிறது, பெண்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு உப்பு வாருகிறார்கள். அந்த டிரம்மில் என் பெயர் இல்லை. அதிலிருந்து குடிக்கிறவளுக்கு நான் யாரென்று தெரியாது. தெரிய வேண்டாம். ஒரு டிரம்மைப் பார்த்தால் நான் சைக்கிளை நிறுத்திவிடுவேன், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போவேன். அதை எப்பிராயீம் கெடுக்கப் பார்த்தான். நாற்பத்து நான்காம் நாள், நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு, முன்னால் போலீஸ் வேன், பின்னால் இவன், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு அளத்துக்குள் போனான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கே எழுதினேன், முப்பது வெள்ளிக்காசு என்று தலைப்புப் போட்டு, முந்நூறு பிரதி, இந்தக் கோயில் சுவரிலேயே ஒட்டினேன். நான் எழுதினதிலேயே நல்ல நோட்டீஸ் அதுதான். நல்ல நோட்டீஸ்தான். எதற்கு இப்போது அதைப் பற்றி.

ஜெபிக்க வந்தவன் ஜெபிக்க வேண்டும். எழுப்புதல். கிதியோன் ஐயருக்கு எழுப்புதல் என்றால் மூன்று நாள் கூட்டம், ஆள் உயரத்துக்கு சவுண்ட் பாக்ஸ். சபைக் கமிட்டியில் நான் எழுந்து கேட்டேன், ஐயா, அட்வெந்தில் எங்கே சவுண்ட் பாக்ஸ் இருக்கிறது, கிறிஸ்து வருவதற்கு முன் தீர்க்கதரிசி ஒருத்தர்கூட இல்லாமல் நானூறு வருஷம் மௌனம், மனு போட்டு நானூறு வருஷம் பதில் இல்லை, எங்கள் கலெக்டர் ஆபீஸே தேவலை என்றேன். சிரித்தார்கள். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த நானூறு வருஷமும் சிலர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அன்னாள் என்று ஒரு விதவை, எண்பத்து நான்கு வயது, தேவாலயத்தை விட்டு வெளியே வராமல் உபவாசம். அவளை எங்கள் சங்கத்தில் சேர்த்திருந்தால் பொருளாளர் ஆக்கியிருப்பேன். புதிதாக ஒன்றும் கேட்கவில்லை அவள், கொடுத்த வாக்கை நிறைவேற்று என்றுதான் கேட்டாள். அதுதான் சரியான கோரிக்கை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்பது. அட்வெந்து சொல்லிக்கொடுக்கிற ஜெபம் அவ்வளவுதான், கெஞ்சல் கிடையாது, நீர் வருவேன் என்றீர், வாரும், நாங்கள் இடத்தைக் காலி செய்யவில்லை. இது மழைக்காலம், அளம் முழுக்க ஏரி மாதிரிக் கிடக்கிறது, மூன்று மாதம் வேலை கிடையாது. தை பிறந்தால் தண்ணீரை வடித்து, பாத்தியை மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். உப்பை யாரும் செய்ய முடியாது, அது தானாக விளையும், எந்த முதலாளியும் எந்தச் சங்கமும் ஒரு கல் உப்பைக் கூப்பிட்டு வரவழைக்க முடியாது. ஆனால் மிதிக்காத பாத்தியில் சேறுதான் விளையும். கிதியோன் ஐயர் உப்பை ஊதி ஊதி விளைவிக்கப் பார்க்கிறார். இதையெல்லாம் ஒரு நோட்டீஸாகப் போடலாம். வேதத்தில் வருகிற சகரியாவும் அப்படித்தான் சீட்டு விழுந்து உள்ளே போனான், வயதான ஆசாரியன், தனியாகத் தூபம் காட்டிக்கொண்டிருந்தவனிடம் தூதன் வந்து உன் மனு ஏற்கப்பட்டது, உனக்குப் பிள்ளை பிறக்கும் என்கிறான். அவன் அந்த மனுவைப் போட்டே எத்தனை வருஷம் ஆயிற்றோ, அவனே மறந்திருப்பான். அங்கே கோப்பு மூடவே இல்லை. அவன் அத்தாட்சி கேட்டான். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன், எழுத்தில் கொடுங்கள் என்றே கேட்டிருப்பேன். அதற்கு வாயைக் கட்டிவிட்டார்கள். பிள்ளை பிறக்கும்வரை ஒரு சொல் இல்லை. பிள்ளை பிறந்து, அதற்குப் பெயர் வைக்கிற அன்றைக்குத்தான்.

பிள்ளை. இல்லை, யோவானைப் பற்றி யோசிக்கலாம். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து வனாந்தரத்தில் நின்று வழியைச் செவ்வைப்படுத்துங்கள் என்றது, பள்ளம் நிரப்பப்படும், மலை தாழ்த்தப்படும். இரண்டு அங்கி வைத்திருக்கிறவன் ஒன்றைக் கொடு என்று பச்சையாகச் சொன்னவன். இதை வைத்து நான் மே தினக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன், மலைகள் யார் யார் என்று விரல் நீட்டிப் பெயர் சொன்னேன், கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மணி பதினொன்று நாற்பது. இரண்டு அங்கி. வேலைநிறுத்தத்தின் நாற்பதாம் நாள் கஞ்சித்தொட்டியில் எப்பிராயீம் இரண்டு பங்கு கேட்டான். வரிசையில் நின்றுதான் கேட்டான், சத்தமில்லாமல், என் காதருகில், கனகமணிக்கு ஏழாவது மாசம், காய்ச்சல், ஒரு போணி கஞ்சி கூடுதலாக வேண்டும் மாசிலா என்று. ஆளுக்கு ஒரு போணி என்று சட்டம் போட்டவன் நான். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன், செயலாளர் எனக்கும் ஒரு போணிதான், எப்பிராயீம் பெண்டாட்டிக்கும் ஒரு போணிதான். சட்டம் சரிதான். ஒருவனுக்கு விட்டால் நாற்பது பேர் கேட்பார்கள். அன்றைக்கு விடவில்லை, நாற்பது பேர் போய்விட்டார்கள். இல்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, முதலாளி ஆள் அனுப்பியிருந்தான், அது எனக்குத் தெரியும். நாற்பத்தேழாம் நாள் அவளுக்குக் குறைமாதத்தில் பிறந்தது. பெண். இரண்டு நாள் இருந்தது. வேலைக்குப் போனவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது என்று சங்கத் தீர்மானம், அதையும் எழுதினது நான். என் வீட்டுக்காரி ஞானம்மா புடவை மாற்றிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டாள். எங்கே என்றேன். பிள்ளையை எடுக்கப்போறாங்க என்றாள். போகக்கூடாது என்றேன்.  திரும்பி உள்ளே போய்ப் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு அரிசி புடைக்க உட்கார்ந்தாள், அந்த முறத்தின் சத்தம், ஒரே சீராக. அவன் பெட்டியைத் தானே தோளில் வைத்துக்கொண்டு எங்கள் தெரு வழியாகத்தான் போனான், அப்போதைய ஐயரும் கோயில்பிள்ளையும் பின்னால். ஒரு கதவு திறக்கவில்லை. நானூறு வீடு. ஒரு கதவுகூடத் திறக்கவில்லை என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன், இதுதான் கட்டுப்பாடு, இதுதான் சங்கம். இன்றைக்கும் பெருமைதான். அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் அறுபத்தொரு நாள் நின்றிருக்க முடியாது. தண்ணீர் டிரம் வந்திருக்காது. வந்திருக்காதுதான். ஆனால் அந்தப் பெட்டி எவ்வளவு சின்னது என்று ஜன்னல் இடுக்கு வழியாக நான் பார்த்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஞானம்மா செத்து ஆறு வருஷம் ஆகிறது, அவளிடமும் சொல்லவில்லை. மலை யார் யார் என்று விரல் நீட்டினவன் நான். சரி. மணி பதினொன்று ஐம்பத்தைந்து. அவன் வராமல் இருந்தால் நான் அவனுடைய மணியையும் சேர்த்து உட்காரலாம், அது கௌரவம், எப்பிராயீம் ஓடிவிட்டான், மாசிலாமணி தாங்கினான் என்று இருக்கும். வராமல் இருக்கட்டும் ஆண்டவரே. இந்த ஒரு மணி நேரத்தில் நான் உள்ளபடியே செய்த ஜெபம் இதுதான் போலிருக்கிறது.

வந்துவிட்டான். கதவருகில் செருப்பைக் கழற்றுகிற சத்தம், பிறகு ஊன்றுகோல், நான்கு முனையில் ரப்பர் வைத்தது. நன்றாக வளைந்துவிட்டான். பக்கத்தில் உட்காரவே அவனுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. கதவில் ஒட்டியிருந்த வரிசையை இப்போதுதான் பார்த்ததாகச் சொன்னான், திரும்பிப் போய்விடலாமா என்று அங்கேயே நின்று யோசித்ததாகவும். பீடத்தைப் பார்த்துத்தான் பேசினான். பிறகு தொண்டைக்குள் ஒரு சிரிப்பு. "நீ ஒரு பக்கம் ஓட, நான் ஒரு பக்கம் ஓட. ஆண்டவரு நம்மளவிடப் பெரிய சங்கக்காரருவே." நான் சிரிக்கவில்லை. கையை நீட்டினேன். முதலில் நீட்டினது நான்தான், இதை எந்தக் கமிட்டியிலும் எழுந்து சொல்வேன். அவன் கை வந்தது, உப்பு அறுத்த விரல், இத்தனை வருஷம் ஆகியும் வெடிப்பு மூடாத விரல், என்னுடையதைப் போலவே. "சுருக்கமா முடி" என்றான், "நீ வாயத் தெறந்தா கூட்டம் கலைய ஒம்பது மணியாவும்." ஆண்டவரே என்றேன். எப்பிராயீம் என்றேன். முப்பத்தோரு வருஷமாக அந்த ஆள் என்றும் கருங்காலி என்றும் சொல்லி, பெயர் நாக்குக்குப் புதிதாக இருந்தது. அதற்கு மேலே வரவில்லை. ஆயிரம் பேர் முன்னால் தாளில்லாமல் பேசினவன், இரண்டாவது வாக்கியம் வரவில்லை. கண்ணைத் திறந்தேன்.

"அந்தப் பிள்ளைக்குப் பேரு விட்டிருந்தீங்களா?"

அவன் கையை எடுத்துக்கொள்ளவில்லை. ஊதாத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பெர்சிஸ்" என்றான். "தாங்காதுன்னு நர்சம்மாவே ஞானஸ்நானத் தண்ணி தெளிச்சுட்டா. கனகமணிதான் பேரு சொன்னா."

ஞானம்மா கிளம்பினாள், நான்தான் விடவில்லை என்று சொன்னேன். சட்டம் என்று ஆரம்பித்து, அதை அப்படியே விட்டுவிட்டு, நான்தான் விடவில்லை என்று இரண்டாவது தடவையும் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான், தெரிந்த சமாச்சாரத்துக்கு ஆட்டுகிற மாதிரி.

"தெரியும்வே. மறுநாளே ஞானம்மா பின்வாசல் வழியா வந்து சொல்லிட்டுத்தான் அழுதாவ. சுக்கும் கருப்பட்டியும் முந்தானையில மறச்சுக் கொண்டாந்தாவ. நாப்பது நாளும் வந்து கனகமணிக்கு வெந்நி ஊத்திட்டுப் போனாவ. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நானூறு கதவையும் எண்ணிப் பார்த்தவனுக்குத் தன் வீட்டுப் பின்கதவு தெரியாது. சங்கத் தீர்மானத்தை, செயலாளர் வீட்டுக்குள்ளிருந்தே, மறுநாளே ஒரு பெண் உடைத்திருக்கிறாள், நாற்பது நாள் உடைத்திருக்கிறாள். பிறகு இருபத்தைந்து வருஷம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு ஒரு சொல் கசியவிடவில்லை. என் சங்கத்தில் அப்படி வாய்க்கட்டோடு வேலை செய்த ஆள் ஒருவன் கிடையாது, நான் உட்பட. முதலில் கோபம்தான் வந்தது, பழக்கம். அதற்குப் பின்னாலேயே வேறொன்று வந்து நெஞ்சை நிமிர்த்தியது. என் பெண்டாட்டி. எழுப்புதல், எழுப்புதல் என்று நாங்கள் இங்கே வருஷா வருஷம் சீட்டுக் குலுக்குகிறோம், அது முந்தானையில் கருப்பட்டியை மறைத்துக்கொண்டு எங்கள் கொல்லை வழியாக எப்போதோ போய் வந்திருக்கிறது. இதை நான் எந்த நோட்டீஸில் எழுதுவேன்.

அவன் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தொடங்கினேன். எப்பிராயீமுக்காக என்றேன். பெர்சிஸுக்காக நன்றி என்றேன், ஞானம்மாளுக்காக நன்றி என்றேன். நான் கதவைச் சாத்தினேன் ஆண்டவரே என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை, ஆமென் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காது. நான் பேசினதிலேயே சின்னது அதுதான், அதில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். மணி பன்னிரண்டு ஏழு. அவனுடைய நேரம் தொடங்கிவிட்டது. நான் எழவில்லை. அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"போவலியா?"

"மழை" என்றேன்.

வலது பக்கக் கதவு முழுக்கத் திறந்திருந்தது. முற்றத்து மணலில் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. எப்பிராயீம் அதைப் பார்த்தான். ஊன்றுகோலை எடுத்து அந்தப் பக்கம் சாய்த்துவிட்டு, எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.